பாசிர் பாசா, பன்னிரண்டு

‘ஈப்ராம்’ என்றால் என்ன என்று கேட்டால் பொறியியல் படிக்கும் நண்பர்கள்கூடச் சற்றுத் தலையைச் சொறிவார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு பத்திதான். விரிவுரையாளரும் “இது பழைய தொழில்நுட்பம், தேர்வுக்கு வராது” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். தேர்வுக்கு வராத அந்த ஒரு பத்தியோடு நான் ஐந்து மாதங்கள் குடும்பம் நடத்தினேன் என்றால் நம்புவீர்களா?

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். நான் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துப் பெண். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது சிங்கையில் பொறியியல் படிக்கிறேன். பொங்கோலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். எங்கள் படிப்பில் தொழிற்பயிற்சி கட்டாயம். வகுப்புத் தோழர்கள் எல்லாரும் கண்ணாடிக் கட்டடங்களில் குளிர்சாதன அறைகளுக்குப் போக, எனக்கு வாய்த்தது ஊபி தொழிற்பேட்டையில் ஒரு பழைய பட்டறை. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுது பார்க்கும் இடம் அது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, ஆண்டு முடிவில் கடையை மூடப்போகிறார். மூடுவதற்கு முன் அங்கிருந்த ஓர் இரும்பு அலமாரியைக் காலி செய்ய வேண்டும். அதுதான் என் வேலை.

அலமாரிக்குள் 163 ஈப்ராம் சில்லுகள் இருந்தன.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பீங்கான் உடம்பு. இரண்டு பக்கமும் மரவட்டைக்கு இருப்பதுபோல் கால்கள், மொத்தம் 28. நடுமுதுகில் ஒரு வட்டச் சாளரம். நான் பார்த்த மின்னணுப் பொருள்களில் தன் வயிற்றைத் திறந்து காட்டும் பொருள் இது ஒன்றுதான். சாளரத்தின் வழியே உற்றுப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டு வண்ண வண்ணமாய் மின்னும். அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் நாலாபுறமும் ஓடும். நான் எடுத்த முதல் சில்லின் அடிப்பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘மலாய்’ என்று அச்சிட்டிருந்தது. மலேசியாவில் கோத்தது என்று பொருள்.

என் பெரியம்மா கல்யாணத்துக்கு முன் பாயான் லெப்பாசில் இந்த வேலையைத்தான் செய்தார். பினாங்கில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்ததும், இன்டெல் நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் தொழிற்சாலையை அங்கே தொடங்கியதும் 1972இல். அதைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மற்ற நிறுவனங்களும் வந்தன. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போனார்கள். ‘மினா காரான்’ என்று ஊர் அவர்களைக் கேலி செய்தது. பெரியம்மா எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டுவாராம். “என்ன சில்லு பெரியம்மா அது?” என்று தொலைபேசியில் கேட்டேன். “யாருக்குத் தெரியும்? பூச்சி மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பூச்சின்னு கணக்கு” என்றார். அந்தப் பூச்சிக்குள் என்ன எழுதுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லையாம்.

என்ன எழுதுவார்கள் என்பதை நான் சொல்கிறேன். சில்லுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் மின்சாரம் கடக்க முடியாத ஆக்சைடுச் சுவர்களுக்கு நடுவே ஒரு சிறு தீவு. அதிக மின்னழுத்தம் கொடுத்து அடித்தால் எலக்ட்ரான்கள் சுவரைத் தாண்டிக் குதித்துத் தீவில் மாட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் அவற்றால் வெளியே வர முடியாது. எலக்ட்ரான் இருக்கும் அறை 0. இல்லாத அறை 1. இவ்வளவுதான் நினைவு! இதைக் கண்டுபிடித்தவர் டோவ் ஃப்ரோமன். இன்டெல்லில் வேறொரு சில்லு ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராயப் போனவர், இணைப்பு அறுந்து தனித்து நிற்கும் பகுதியில் மின்னூட்டம் தங்குவதைக் கவனித்தார். கோளாறையே கருவியாக்கி 1971இல் முதல் ஈப்ராமை உருவாக்கினார். 256 பைட்தான் அதன் கொள்ளளவு. அந்த வெற்றிக்குப் பிறகு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வேலையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுதியதை அழிக்க வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். சாதாரண வெளிச்சம் அல்ல, 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அது பட்டதும் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்களுக்குத் தெம்பு வந்து சுவரைத் தாண்டி ஓடிவிடும். சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் சாளரத்துக்குக் குவார்ட்ஸ் வைத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசியையும் முகக்கவசத்தையும் கிருமி நீக்கம் செய்வதற்கென்று பெட்டி பெட்டியாக விற்றார்களே, அந்த நீல விளக்குப் பெட்டிகள் பலவற்றிலும் இதே கதிர்தான். எங்கள் பட்டறையில் இருந்தது மேசை இழுப்பறை போன்ற ஒரு பெட்டி. சில்லுகளை வரிசையாக அடுக்கி, தள்ளி மூடி, நேரத்தை இருபது நிமிடத்துக்குத் திருகி வைக்க வேண்டும். திறந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். கண்ணுக்குக் கேடு என்பதால் அந்த ஏற்பாடு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதும்போது ஒவ்வொரு பைட்டாக எழுதலாம். அழிக்கும்போது அப்படி முடியாது. ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் சில்லு முழுவதையும்தான் அழிக்க வேண்டும். 1ஐ 0 ஆக்குவது மின்சாரத்தின் வேலை. 0ஐ மறுபடி 1 ஆக்க வெளிச்சத்தால் மட்டுமே முடியும். வெளிச்சத்துக்கோ வேண்டியது எது, வேண்டாதது எது என்ற பாகுபாடு கிடையாது. அதனால் அழிப்பதற்கு முன் உள்ளதைப் படித்துக் கணினியில் சேமித்தாக வேண்டும். படித்து, மறுபடி படித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, அதன் பிறகுதான் பெட்டிக்குள் தள்ள வேண்டும்.

அறை வெளிச்சத்தாலும் ஆபத்து உண்டு. சாளரத்தை மூடாமல் வெறும் வெயிலில் வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், குழல்விளக்கு வெளிச்சத்தில் மூன்று ஆண்டுகளிலும் நினைவு போய்விடலாம் என்று தயாரிப்பாளர்களின் தரவுத்தாளிலேயே இருக்கிறது. ஆகவே எழுதி முடித்ததும் சாளரத்தின் மேல் ஒளி புகாத ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவது வழக்கம். ஒட்டுத்தாள் என்று ஒன்று வந்தால் அதன் மேல் எதையாவது எழுதத்தானே தோன்றும்? சிலர் தேதி எழுதுவார்கள், சிலர் பதிப்பு எண் எழுதுவார்கள்.

எங்கள் அலமாரியில் இருந்த 163 சில்லுகளில் 90க்கும் மேற்பட்டவற்றின் ஒட்டுத்தாள்களில் தமிழ் எழுத்து இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் எழுதியவை அவை. ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வந்து போனவர். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ‘ஐயா’ என்றே குறிப்பிடுகிறேன். எண்ணெய்ப் பேனாவால், இரண்டு சென்டிமீட்டர் தாளுக்குள், வரிக்கு நான்கைந்து எழுத்துகளாக எழுதியிருந்தார். சீனர்களான முதலாளிக்கும் அவர் மகனுக்கும் அது கோலம் மாதிரித்தான். “அவன் மட்டும்தான் படிப்பான். யாரும் அவனை வேலையை விட்டு அனுப்ப முடியாதபடி வழி பண்ணியிருக்கிறான்” என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். சில்லுகளை அழித்துக் கொடுத்தால் சிம் லிம் டவரில் ஒரு கடைக்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. சாளரம் வைத்த பழைய ஈப்ராம்களுக்கு இன்றும் ஆள் இருக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. அழிக்க வேண்டுமானால் ஒட்டுத்தாளைப் பிரித்தாக வேண்டும். பசை இருந்தால் அது கதிரை மறைக்கும் என்பதால் ஆல்கஹால் தொட்டுச் சாளரத்தைச் சுத்தமாகத் துடைக்கவும் வேண்டும். சில்லுக்குள் இருப்பது கணினியில் பத்திரமாக இருக்கும். தாளில் இருப்பது?

தாளில் இருப்பதைக் குப்பையில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கலாம். அதற்கு இந்தக் கருவிகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தன் தொழிற்சாலைகளில் அறை அறையாக நிறைந்திருந்த ரிலேக்களுக்கு மாற்று ஒன்று வேண்டும் என்றது. டிக் மோர்லியின் குழுவினர் உருவாக்கிய மோடிகான் 084 என்ற கருவி அதற்கு விடையாக வந்தது. பி.எல்.சி. என்று இன்று எல்லாத் தொழிற்சாலைகளிலும் சொல்வது அதன் வாரிசுகளைத்தான். 1979இல் ஜெர்மனியின் சீமென்ஸ் ‘எஸ் 5’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. எங்கள் அலமாரியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் எஸ் 5க்கு உரியவை. 1990களில் எஸ் 7 வந்துவிட்டது. எஸ் 5 உற்பத்தி நின்றும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனால் இரும்பு இயந்திரத்துக்கு ஆயுள் கெட்டி. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மாற்றப் பணம் தர எந்த நிர்வாகம் முன்வரும்?

எஸ் 5க்கு நிரல் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதலாம். ஆனால் அந்தக் குறிப்புகள் நிரல் எழுதும் கணினியின் வட்டிலேயே தங்கிவிடும். சில்லுக்குள் போவது கட்டளை மட்டும்தான். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் அந்த மோட்டார் ஓடட்டும்’ என்பது உள்ளே இருக்கும். ‘ஏன்’ என்பது இருக்காது. வட்டு தொலைந்தால் ‘ஏன்’ தொலைந்தது. 1980களின் நெகிழ்வட்டுகள் எத்தனை இன்று பிழைத்திருக்கும்? ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிரல்மொழியில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துக்கு இரண்டு பொருள். ஆங்கிலப் பதிப்பில் அது ‘அண்ட்’, அதாவது இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால். ஜெர்மன் பதிப்பில் ‘ஆவுஸ்கங்’, அதாவது வெளியே போகும் இணைப்பு. ஜெர்மன் கையேட்டை வைத்துக்கொண்டு ஆங்கிலத் திரையில் வேலை செய்பவர் பாடு எப்படி இருக்கும்! ஐயா இரண்டையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே வருவதற்கு ‘உ’, வெளியே போவதற்கு ‘வெ’ என்று தமக்கென ஒரு முறை வைத்திருந்தார். ‘உ 32’, ‘வெ 4’ என்று ஒட்டுத்தாள்களில் பார்த்தபோது முதலில் சித்த வைத்தியக் குறிப்போ என்று எனக்குச் சந்தேகம்.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தாளைப் பிரிப்பது, நோட்டில் ஒட்டுவது, பக்கத்தில் சில்லின் எண்ணையும் கணினிக் கோப்பின் பெயரையும் எழுதுவது. பட்டறையில் எனக்குத் துணையாக இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர், தொழில்நுட்பர். அழகாகத் தமிழ் படிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து படித்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். ‘பழசு’, ‘தொடாதே’, ‘கூலிம் 2 நல்லது’ என்பவையெல்லாம் சுலபமாகப் போயின. பிறகு அண்ணன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழித்தார்.

“பாசிர் பாசான்னு போட்டிருக்கு. பன்னெண்டுன்னு நம்பர். யாரும்மா இந்த பாசிர் பாட்சா? கஸ்டமரா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாசிர் என்றால் மலாயில் மணல். பாசா என்றால் ஈரம். ஈர மணல், 12!

அதன் பிறகு அடுத்தடுத்து வந்தன. ‘ரோசாக்’ என்றால் கெட்டுப்போனது. ‘கோசோங்’, காலி. ‘சிம்பான்’, பத்திரப்படுத்து. ஐயா தமிழ் எழுத்தில் மலாயை எழுதியிருக்கிறார், மலாய்க்கு நடுவே தமிழை எழுதியிருக்கிறார், இரண்டுக்கும் நடுவே ஜெர்மன் கையேட்டின் எண்ணை எழுதியிருக்கிறார். தஞ்சாவூர் அண்ணனுக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. பட்டறையிலிருந்த ஜொகூர் மலாய்க்காரருக்குப் பொருள் தெரியும், எழுத்து தெரியாது. அந்த அலமாரியை முழுசாகப் படிக்கத் தமிழ்ப்பள்ளியிலும் படித்து தேசியப் பள்ளியிலும் படித்த ஒரு பிள்ளைதான் வேண்டியிருந்தது. “தமிழ்ப்பள்ளியில் போட்டு என்ன பண்ணப்போறீங்க?” என்று என் அம்மாவிடம் கேட்ட சொந்தக்காரர்களும், “இடைநிலைப்பள்ளிக்குப் போனா தமிழ் போயிடும்” என்று சொன்ன சொந்தக்காரர்களும் ஒரே குடும்பத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் அன்றிரவு குடும்ப வாட்சப் குழுவில் அந்தத் தாளின் படத்தை அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் காலை ஒரு கான்கிரீட் கலவை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மின்தடைக்குப் பிறகு கருவி எழுந்திருக்கவில்லை. கருவியின் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. நினைவுச் சில்லைப் படித்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வருகிறது. மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் கசியத் தொடங்கிவிட்டன என்று பொருள். கலவை நின்றால் லாரிகள் நிற்கும். லாரிகள் நின்றால் எங்கோ ஒரு கட்டடத்தில் தூண் பாதியில் நிற்கும். கான்கிரீட் காத்திருக்கிற பொருள் அல்ல.

அந்த நிலையத்துக்கான மாற்றுச் சில்லுகள் எங்கள் அலமாரியில் இரண்டு இருந்தன. ஒன்றில் ‘பாசிர் பாசா 12’. மற்றொன்றில் ‘பாசிர் காய்ஞ்சது 5’. கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எட்டாயிரத்துச் சொச்சம் பைட்டுகளில் இரண்டே இரண்டு மாறியிருந்தன. ஒன்றில் 10 50 என்றிருந்த இடத்தில் மற்றதில் 11 20. அது ஒரு நேரக் கணக்கு: முதலாவது ஐந்து வினாடி, இரண்டாவது பன்னிரண்டு வினாடி. மணல் தொட்டியை உலுக்கும் மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது அது. காய்ந்த மணல் ஐந்து வினாடியில் கொட்டிவிடும். மழைக்காலத்தில் ஈரமணல் தொட்டிக்குள் பாலம் கட்டிக்கொண்டு இறங்காது. பன்னிரண்டு வினாடி உலுக்கினால்தான் இறங்கும். இறங்காத மணலை இறங்கியதாக நினைத்து எடை போட்டால் என்ன ஆகும்? இதை நிரலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பொறியாளர் இரண்டு கோப்பையும் பார்த்தால், ஒன்று பிழையான நகல் என்று முடிவுகட்டி ஒன்றை அழித்திருப்பார். அழைப்பு வந்தது டிசம்பர் மாதம். வெளியே அடைமழை. நான் ‘பாசிர் பாசா’ என்றேன். முதலாளி மகன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதன் நகலை எழுதச் சொன்னார்.

எழுதுவதும் ஒரு சடங்குதான். வெற்றுச் சில்லில் எல்லாம் 1 ஆக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எந்தத் தலைமுறைச் சில்லு என்று பார்த்து மின்னழுத்தம் வைக்க வேண்டும்: மிகப் பழையதற்கு 25 வோல்ட், அடுத்ததற்கு 21, பிந்தியவற்றுக்கு 12.5. பிந்திய சில்லுக்கு 25 கொடுத்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது. இப்போது மலிவாகக் கிடைக்கும் எழுதுகருவிகள் பலவற்றால் 25 வோல்ட் தர முடியாது. அதனாலேயே பட்டறையில் டாஸ் இயங்குதளத்தோடு ஒரு கிழட்டுக் கணினியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எழுதி, சரிபார்த்து, சாளரத்தை மூடி, தாளில் நானும் தமிழில் எழுதினேன். மாலைக்குள் கலவை ஓடியது.

அன்றிரவு பொங்கோலில் என் சன்னலுக்கு எதிரே பாரந்தூக்கிகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இந்த ஊரே பலமுறை எழுதி அழித்த ஊர். சிராங்கூன் சாலையில் விலங்குகளை வைத்திருந்த பசப்பா என்ற இந்திய வணிகர் 1928இல் இங்கே கடலோரம் ஒரு விலங்குக் காட்சிசாலை நடத்தினார். போர் நெருங்கியபோது அது இல்லாமல் போனது. பிறகு கோழிப் பண்ணை, பன்றிப் பண்ணை. பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக 1984இல் அரசு அறிவித்தது. 1996இல் ‘பொங்கோல் 21’ திட்டம். 2003இல் ரயில், 2005இல் ஓட்டுநரில்லாத இலகு ரயில், 2011இல் செயற்கை நீர்வழி. என் வீட்டுக்காரப் பாட்டிக்கு ‘புவாங்கோக் எங்கே, பண்ணை எங்கே’ என்று இன்னும் கைகாட்டத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குப் பேருந்து எண்தான் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான்.

நோட்டில் ஒட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘2007 பாசிர் பாரு’. பாரு என்றால் புதிது. புது மணல். அந்த ஆண்டு பிப்ரவரியில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. சிங்கப்பூரின் கட்டுமானத் துறையே ஆட்டம் கண்டது. சேமிப்பிலிருந்த மணல் வெளியே வந்தது. வேறு நாடுகளிலிருந்து வேறு மணல் வந்தது. நாளிதழ்களில் அது தலைப்புச் செய்தி. அந்தக் கலவை நிலையத்தில் அது இரண்டு பைட்டு மாற்றம். வேறு ஊர் மணல் வேறு மாதிரி சரியும் அல்லவா?

இந்த ஊகமெல்லாம் சரிதானா என்று கேட்க ஐயாவைத் தொலைபேசியில் பிடித்தேன். கூலாயில் மகள் வீட்டில் இருக்கிறார். முதலில் கடன் அட்டை விற்கிறேன் என்று நினைத்துவிட்டார். ‘பாசிர் பாசா’ என்றதும் குரலே மாறிவிட்டது.

“ஏம்மா, அதையெல்லாம் நீ படிச்சியா? எந்தப் பள்ளிக்கூடம்?”

பள்ளியின் பெயரைச் சொன்னேன். தாமும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் என்றார். அதற்கு மேல் இரவில் தாமே படித்ததுதான். “மொதல்ல இங்கிலீஷ்லதான் எழுதினேன்மா. அவசரத்துல ராத்திரி மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல தப்புத் தப்பாப் படிச்சேன். கைக்கு எது தானா வருதோ அதையே எழுதிட்டேன். ஒளிச்சு வைக்கணும்னு இல்ல. மொதலாளி அப்படித்தான் சொல்வாரு!” என்று சிரித்தார். ‘செல்வி கல்யாணம்’ என்று ஒரு தாள் இருந்ததே, அது என்ன? “மகள் கல்யாணத்துக்கு மொத நாளு. லீவு எடுத்திருந்தேன். கூப்பிட்டுட்டாங்க. போய் மாத்திக் கொடுத்துட்டு வந்தேன். தேதி போட மறந்துட்டேன், ஆனா கல்யாணத் தேதி மறக்காதில்ல?” தொலைபேசியில் பின்னாலிருந்து அந்தச் செல்வியே “அப்பா, இன்னுமா அந்தக் கதை!” என்று கத்தியது எனக்குக் கேட்டது.

ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேசினோம். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2764 என்ற வகைச் சில்லின் கொள்ளளவு 8,192 பைட். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவை; ‘கா’ என்று எழுதினால் ஆறு. ஒரு தொழிற்சாலையை முப்பது ஆண்டுகள் ஓட்டிய நிரல் இருந்த இடத்தில், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையின் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் அடங்காது. சிக்கனத்தை அந்தக் காலத்து நிரலாளர்களிடம்தான் கற்க வேண்டும், கட்டுரையாளர்களிடம் அல்ல!

கலவை நிலையத்தின் பொறியாளர் அடுத்த ஆண்டு புதிய கருவி வைக்கப்போகிறார். அதில் மணல் உலுக்கும் நேரத்தைத் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம்; சில்லு வேண்டாம், விளக்கு வேண்டாம். நோட்டின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தோம். அவருக்கு இப்போது 5, 12 என்ற இரண்டு எண்களின் காரணமும் தெரியும். வேறு எட்டு வாடிக்கையாளர்களுக்கும் அவரவர் பக்கங்களை அனுப்பினோம். இருவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். ஒருவர், அந்த இயந்திரத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சிம் லிம் டவர் கடைக்காரர் வந்து சில்லுகளை எண்ணினார். 162 இருந்தன. ஒன்று குறைகிறதே என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். அது என் மேசையில் இருக்கிறது என்றேன். அதன் ஒட்டுத்தாளில் ‘மூணாவது ஆள் சொன்னது’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு முழு நிரல் இருக்கிறது. பதினோரு உள்வழி, ஏழு வெளிவழி, ஒரு நேரக் கணக்கு நாற்பது வினாடி. எந்த இயந்திரம், எந்தத் தொழிற்சாலை என்று ஐயாவுக்கு நினைவில்லை. மூன்றாவது ஆள் யார் என்பதும் நினைவில்லை. “முக்கியமாத்தான் இருந்திருக்கும்மா, இல்லாட்டி ஏன் எழுதப்போறேன்” என்றார். முதலாளி கடைக்காரரிடம் 162க்கே விலை பேசினார்.